சிட்லபாக்கம் குடியிருப்போர் நலச்சங்கம்: 2022ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நன்றாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் உள்ளாட்சித் தேர்தலைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். நம் தெருக்களைப் பொறுத்தவரை இந்த ஆண்டின் பெரிய நிகழ்வு அதுதான்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் நம்முடையது உட்பட ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. மொத்தம் 70 வார்டுகள். 2016 அக்டோபரில் பேரூராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பிறகு நமக்கென்று ஒரு கவுன்சிலர் இல்லை. எதற்கென்றாலும் நாமே மனுவை எடுத்துக்கொண்டு அலைந்தோம். அதனால் 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவு என்று அறிவிப்பு வந்ததுமே செயற்குழு கூடியது. சங்கம் எந்தக் கட்சிக்கும் ஓட்டு கேட்காது. வாசலுக்கு வரும் எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே மனுவைக் கொடுப்போம் என்று முடிவானது.

மனுவில் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. எரியாத தெருவிளக்குகள், மூடி உடைந்த மழைநீர் வடிகால், குப்பை வண்டி வரும் நேரம், இருட்டினால் பெண்கள் நடக்கத் தயங்கும் மூலைகள், நாய்த் தொல்லை, பாதாள சாக்கடை எப்போது என்ற கேள்வி. மாநகராட்சி ஆனதால் வீட்டு வரி ஏறுமா என்பதையும் சேர்த்தோம்.

வந்தவர்கள் எல்லோரும் மரியாதையாகவே மனுவை வாங்கிக்கொண்டார்கள். "கண்டிப்பா செஞ்சு தர்றோம்" என்றார்கள். ஒருவர் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டார். சுயேச்சையாக நின்ற அந்த அம்மா, மனுவைப் படித்துவிட்டு "வாங்க, நடந்து பார்க்கலாம்" என்று எங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கையில் ஒரு நீளமான நோட்டு. எரியாத விளக்கு ஒவ்வொன்றிலும் நின்று கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டார். கோயில் பக்கத்து வடிகாலில் மூடி இருந்த இடத்தில் யாரோ ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டிருந்தார்கள். அதைத் தூக்கச் சொல்லி, குனிந்து பார்த்து, உள்ளே மண் எவ்வளவு உயரத்துக்கு அடைத்திருக்கிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்தார். "மூடி போட்டா மட்டும் போதாது, முதல்ல தூர் வாரணும்" என்றார். நாம் மனுவில் மூடி மட்டும்தான் கேட்டிருந்தோம்.

ஏரியைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஏரி நிரம்பினால் தண்ணீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். வழியில் எங்கே அடைத்தாலும் 2021 நவம்பர் மழையில் பட்ட பாடுதான். "ஏரி நீர்வளத் துறையோடது. நான் சரி பண்ணிடுவேன்னு சொன்னா அது பொய். மன்றத்துல கேள்வி கேட்பேன், உங்களை அதிகாரிகிட்ட கூட்டிட்டுப் போவேன்" என்றார். வரி விஷயத்திலும் அப்படித்தான்: "குறைப்பேன்னு வாக்கு கொடுக்க முடியாது." ஏப்ரலில் அரசு அறிவித்தபோது சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் வீட்டின் அளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை உயர்வு வந்தது. ஓட்டு கேட்டு வருகிறவர் தன்னால் முடியாததையும் சொல்வது பெரிய விஷயம்.

பிப்ரவரி 22 வாக்கு எண்ணிக்கையில் அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துச் சங்கத்துக்கு வந்து அந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். தெரு வாரியாக, கம்ப எண் வாரியாக எல்லாம் அதில் இருந்தது. அதைச் சுத்தமாகப் படியெடுத்துப் புதிய கவுன்சிலரிடம் கொடுத்தோம். அவரும் நல்ல மனதோடு வாங்கிக்கொண்டார். யார் எழுதியது என்று தெரிந்தும் முகம் சுளிக்கவில்லை. விளக்குகளில் பெரும்பாலானவை மே மாதத்துக்குள் எரிந்தன. கோயில் பக்கத்து வடிகால் மழைக்கு முன் தூர் வாரப்பட்டு மூடியும் போட்டாயிற்று. டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்த இரவில் அந்த மூலையில் தண்ணீர் தேங்கவில்லை. குப்பை வண்டி நேரம் இன்னும் சரியாகவில்லை. பாதாள சாக்கடை பற்றிச் சொல்வதற்கு எதுவும் இல்லை. கழிவுநீர் லாரிக்குத்தான் இப்போதும் பணம் கொடுக்கிறோம்.

அப்புறம், நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் தடவையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. நம் மாநகராட்சியிலேயே பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சர் வந்தது உங்களுக்குத் தெரியும். கவுன்சிலர் தலைமையில் கூடும் இந்தச் சபையில் நாம் நேரில் எழுந்து கேட்கலாம். ஓட்டுக் கேட்டு வரும் நாளுக்காக ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் நம் சங்கத்திலிருந்து வந்தவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

அடுத்த கூட்டத்துக்கான மனுக்களை இப்போதே வாங்குகிறோம். கம்ப எண், வீட்டுக் கதவு எண், எத்தனை நாளாகப் பிரச்சினை என்பதைக் குறித்துக் கொடுங்கள். அந்த நோட்டு சங்க அலுவலக மேசையில்தான் இருக்கிறது. பின்பக்கம் நிறைய தாள்கள் காலியாக இருக்கின்றன.

நன்றி.

செயலாளர்