வன்னி வெக்கையும் மருந்துக்கடைகளும்

ஆசிரியருக்கு,

காண்டாவன நாட்களில் பரந்தனிலோ மல்லாவியிலோ தகரக் கூரை போட்ட ஒரு மருந்துக்கடையின் மேல்தட்டில் கையை வைத்துப் பாருங்கள். “30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கவும்” என்று அச்சிட்ட பெட்டிகள் அங்கேதான் அடுக்கியிருக்கும். எந்த நாட்டு மருந்து, எந்தக் கம்பனி மருந்து என்று சனம் கேட்கிறது. கடையில் அது எந்தச் சூட்டில் கிடந்தது என்று கேட்பவர் குறைவு. வன்னியில் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

சுவரில் ஒரு வெப்பமானி தொங்கவேண்டும். காலையிலும் பிற்பகல் 2 மணிக்கும் பார்த்துக் கொப்பியில் எழுதவேண்டும். காலைக் கணக்கு மட்டும் உள்ள கொப்பியால் பயனில்லை. கூரை கொதிப்பது மத்தியானத்துக்குப் பிறகு. கூரைக்குக் கீழ் சீலிங் அடித்து, மேல்தட்டை வெறுமையாக விட்டாலே சூடு கணிசமாகக் குறையும். மாரியில் பிரச்சினை ஈரம். வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெபின் குளிசை ஈரம் இழுத்தால் இறுகிப்போய் வயிற்றில் சரியாகக் கரையாது. நோயாளி ஒருவேளையும் தவறாமல் குடித்தும் வலிப்பு வரும். பழி டொக்டர்மேல் விழும்.

எல்லாவற்றிலும் எளிதில் கெடுவது இன்சுலின். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். பிரிஜ்ஜின் கதவுத் தட்டு அதற்குரிய இடமல்ல, கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே சூடேறும். உறைநிலைப் பெட்டிக்கு அருகிலும் வைக்கக்கூடாது. கறண்ட் போனதும் பயத்தில் அதைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குள் வைப்பதுதான் பெரிய பிழை: ஒருமுறை உறைந்த இன்சுலினை உருக வைத்துப் பாவிக்க முடியாது. கதவைத் திறக்காமல் விடுவதே நல்லது. கீழ்த்தட்டில் நாலைந்து தண்ணீர்ப் போத்தல்களை எப்போதும் வைத்திருந்தால் கறண்ட் இல்லாதபோதும் குளிர் கூடுதல் நேரம் நிற்கும். கலங்கல் இன்சுலினை உருட்டிக் கலக்கிய பிறகும் கட்டி மிதந்தாலோ, குப்பிச் சுவரில் வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருந்தாலோ அது பழுது. சூட்டில் கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

திறந்த குப்பிக்குப் பொதுவாக நான்கு கிழமை. உள்ளே இருக்கும் தாளில் வேறு கணக்கு இருந்தால் அதைப் பின்பற்றவேண்டும். 10 மி.லீ. குப்பியில் 1000 அலகு இருக்கிறது. நாளுக்கு 20 அலகு போடுபவருக்கு அது 50 நாள் வரும். மீதி இருக்கிறதே என்று போட்டுக்கொண்டிருப்பார். ஆகவே திறந்த திகதியைக் குப்பியில் எழுதச் சொல்வது மருந்தாளரின் வேலை. வீட்டில் பிரிஜ் இல்லாதவர்கள் பாவனையில் உள்ள குப்பிக்கு மண்முட்டியை நம்பலாம். சிறிய முட்டியைப் பெரிய முட்டிக்குள் இறக்கி, இடையில் மணல் நிரப்பி நனைத்து, பொலித்தீன் பையில் கட்டிய குப்பியை உள்ளே வைத்து, ஈரச் சீலையால் மூடி, காற்றுப்படும் நிழலில் வைக்கவேண்டும். வறட்சிக் காலத்தில் இது நன்றாகக் குளிரும், மாரியில் அவ்வளவு குளிராது. துணுக்காய்க்கோ ஒட்டுசுட்டானுக்கோ கொண்டுபோகும்போது மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழ் மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்தது கடதாசி உறை. அட்டையை வெட்டிப் பத்துக் குளிசையை உறையில் போட்டு, “1 – 1” என்று கிறுக்கிக் கொடுக்கும் வழக்கம் நிற்கவேண்டும். முடிவுத்திகதி அச்சிட்ட முனை கடையிலேயே தங்கிவிடுகிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழ் வைக்கும் ஜிரிஎன் குளிசை உறையில் கிடந்தால் மருந்து ஆவியாகிப் போய்விடும். அது வந்த கண்ணாடிக் குப்பியிலேயே, இறுக மூடி, திறந்து எட்டுக் கிழமைக்குள் பாவிக்கவேண்டியது. மூட்டுவாதத்துக்கான மெதோட்ரெக்சேற் கிழமைக்கு ஒருநாள் மட்டும். கூடவே கொடுக்கும் போலிக் அசிட்டும் பெரும்பாலும் அதேபோல் சிறிய மஞ்சள் குளிசை. உறை மாறி மெதோட்ரெக்சேற்றைத் தினமும் குடித்தால் வாய் புண்ணாகி, இரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போகும். “திங்கட்கிழமை மட்டும்” என்று தமிழில் எழுதவேண்டும், வாயாலும் சொல்லவேண்டும். நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, வேளை, கொடுத்த திகதி, முடிவுத்திகதி என்பன இல்லாத உறையை வாங்காதீர்கள்.

பிள்ளைகளுக்கான அன்ரிபயோட்டிக் தூளைக் கலக்கும்போது முதலில் போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்து, கொதித்தாறிய தண்ணீரில் பாதியை விட்டுக் குலுக்கி, பிறகுதான் கோடுவரை நிரப்பவேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் தூள் அடியில் கட்டியாகும். முதல் நாட்களில் மருந்து காணாது, கடைசி நாட்களில் கூடிப்போகும்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்கினால் போதாது, பதிவுபெற்ற மருந்தாளர் கடையில் நிற்கவேண்டும். உணவு, மருந்துப் பரிசோதகர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று: வைகாசி முதல் ஆவணி வரை கடைகளுக்குப் பிற்பகல் 2 மணிக்குப் போங்கள். பற்றுச்சீட்டுகளைப் பார்க்க முன்னர் வெப்பமானியையும் பிரிஜ் கொப்பியையும் பாருங்கள்.

இங்ஙனம்,
மருந்தாளர்கள் சிலர்,
கிளிநொச்சி.