எலியை ஏன் ஒளித்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில் 'கொழுப்பைக் குறைத்தால் எலும்பு தேயாது: சர்க்கரை நோயாளிகளுக்கு நற்செய்தி' என்று எழுதியிருந்தீர்கள். பாதிப் பக்கத்துக்கு, சிரித்துக்கொண்டே நடைப்பயிற்சி போகும் ஒரு பாட்டியம்மாவின் படம். சோதனை நடந்தது சுண்டெலிகளில் என்பதைக் கண்டுபிடிக்கக் கடைசிப் பத்தி வரை போகவேண்டியிருந்தது. அங்கேயும் 'ஆய்வக மாதிரிகளில்' என்றுதான் இருக்கிறது. எலி என்று எழுத அவ்வளவு கூச்சமா?

நான் ஓர் ஆய்வு நிறுவனத்தின் விலங்குக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதிய மாதிரி ஆய்வுகளுக்குத் தீவனம் போட்ட கை இது. எலியைக் கொழுக்கவைத்துச் சர்க்கரையை ஏற்றுவதற்கென்றே, கலோரியில் 60 சதவீதம் கொழுப்பிலிருந்து வரும் தீவனம் ஒன்று உண்டு. வழக்கமான தீவனம் கட்டையாக இருக்கும்; இது பிசுபிசுவென்று கையிலேயே உதிரும். நாளாக ஆக எலியின் முடி எண்ணெய் தேய்த்துவிட்டது போல் படிந்துவிடும். வால் நுனியில் லேசாகக் கீறி, ஒரு துளி ரத்தம் எடுத்து, உங்கள் வீட்டில் இருப்பது போன்ற குளுக்கோமீட்டரில்தான் பார்ப்போம்.

இதற்குப் பெரும்பாலும் எடுப்பது சி57 பிளாக் 6 என்ற கறுப்பு வகையில் ஆண் எலிகளை. பெண் எலிக்கு அதே தீவனத்தில் அவ்வளவு சுலபமாகச் சர்க்கரை ஏறாது. ஆனால் மனிதர்களில் எலும்புத் தேய்வு அதிகம் வருவது மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. எலிக்கு நம்மைப் போல் மாதவிடாயே கிடையாது. சினைப்பையை வெட்டி எடுத்துத்தான் அந்த நிலையை உண்டாக்குவார்கள். போதாததற்கு, மூன்று மாத எலி இன்னும் எலும்பு கட்டிக்கொண்டிருக்கிற வயது. அதன் எலும்பு குறைவாக இருந்தால் தேய்ந்து குறைந்ததா, சரியாக வளராமல் போனதா? எந்த வயது எலி, ஆணா பெண்ணா, எந்தத் தீவனத்தோடு ஒப்பிட்டார்கள், இதில் ஒன்றாவது உங்கள் கட்டுரையில் உண்டா? வழக்கமான தீவனத்தில் சோயா இருக்கும். அதிலுள்ள, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போன்ற பொருள்களே எலும்பின் கணக்கை மாற்றிவிடலாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

என் அண்ணிக்கு வெகுநாளாகச் சர்க்கரை. குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது எடுத்த ஸ்கேனில் எலும்பு அடர்த்தி சரியாகவே இருந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரையில் அப்படித்தான்: அடர்த்தி குறையாமலே, சில சமயம் கூடுதலாக இருந்தும், எலும்பு முறியும். பாதம் மரத்துப்போவது, கண் மங்குவது, சர்க்கரை திடீரென்று இறங்கித் தலை சுற்றுவது என்று கீழே விழவும் ஆயிரம் காரணம். அவர் உங்கள் கட்டுரையைக் கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். பாலையும் நிறுத்திவிட்டார். எலும்பு மருத்துவரிடம் போகலாம் என்றால், "அதான் பத்தியம் இருக்கேனே" என்கிறார். உங்கள் நற்செய்தியின் பலன் எங்கள் வீட்டில் இதுதான்.

எலி ஆய்வே வீண் என்று நான் சொன்னதாக மறுபடியும் போட்டுவிடாதீர்கள். ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து எலும்பைக் குறைக்கிறது என்று எலிகள் 2004-லேயே காட்டிவிட்டன. அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு எலும்பு முறிவு அதிகம் என்பது 2006 கடைசியில் வெளியான பெரிய மருத்துவ ஆய்வில்தான் தெரிந்தது. அன்றைக்கு எலி சொன்னதைக் கேட்டிருக்கலாம். இன்னொரு பக்கம், 1994-ல் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அது சுரக்காத குண்டு எலிகளுக்கு ஊசி போட்டதும் இளைத்தன. உடல் பருமனுக்கு விடிவுகாலம் என்று ஊரே கொண்டாடியது. பருமனான மனிதர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மேலே ஊற்றிப் பெரிய பயனில்லை என்பது அப்புறம் தெரிந்தது. எலி எப்போது சரி, எப்போது இல்லை என்று சொல்வதுதானே உடல்நலப் பக்கத்தின் வேலை?

திராட்சை சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று நீங்கள் எழுதியபோதும் ஒரு கடிதம் போட்டேன். எலிக்குக் கொடுத்த திராட்சைச் சத்தின் அளவைப் பழத்தில் பெற ஒருவர் எவ்வளவு தின்ன வேண்டும் என்று கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சத்துக்கு 'எலி ஆய்வை எதிர்க்கும் வாசகி' என்று தலைப்பு வைத்துப் பெருமைப்படுத்தினீர்கள். நன்றி. உதவி ஆசிரியருக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: சோதனை எலிகளில் நடந்தது, மருத்துவரைக் கேட்காமல் யாரும் உணவை மாற்ற வேண்டாம் என்று. இனி இப்படிப்பட்ட செய்திகளுக்குத் தலைப்பிலேயே 'எலிகளில்' என்று சேருங்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதானால் முழுதாகப் போடுங்கள். இடமில்லை என்றால் போடவே வேண்டாம், திருத்தம் மட்டும் வந்தால் போதும். கத்தரித்து அண்ணியிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி