ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் ஊசி போடுங்கள்

ஏப்ரல் 2021

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு வயது 37. பொதுமக்களுக்கு 45 வயதிலிருந்துதான் கொரோனா தடுப்பூசி என்று இருந்தும், எனக்கு மார்ச் மாதமே முதல் ஊசி கிடைத்துவிட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடி அலுவலராகப் பணி ஆணை வந்ததால் முன்களப் பணியாளர் கணக்கில் சேர்த்தார்கள். பயிற்சி வகுப்பு நடந்த பள்ளியிலேயே முகாம். கோவிஷீல்டு போட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். இரவில் லேசான காய்ச்சல், அவ்வளவுதான். பயந்து ஒதுங்கி நின்ற சக ஆசிரியைகள் இருவரை நானே கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் போடவைத்தேன். அரசு ஊழியர்களுக்கு முன்னுரிமை தந்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஏப்ரல் 6 அன்று எங்கள் சாவடி வாசலில் நின்றவர் ஒரு பெண். வரிசையில் வந்த ஒவ்வொருவருக்கும் வெப்பநிலை பார்த்து, கையில் கிருமிநாசினி ஊற்றி, பிளாஸ்டிக் கையுறை எடுத்துக்கொடுத்தார். தொற்று உள்ளவர்களுக்கென ஒதுக்கிய கடைசி ஒரு மணி நேரமும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "ஊசி போட்டாச்சாம்மா?" என்று கேட்டேன். "எங்க பேரு லிஸ்ட்லயே வரலை டீச்சர்" என்றார். நகராட்சியில் தினக்கூலிக்குக் கொசுப்புழு ஒழிப்பு வேலை பார்ப்பவர். சென்ற ஆண்டு ஊரடங்கில் எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து காய்ச்சல் கணக்கெடுத்ததும் இவர்தான். வயது 32.

மனம் கேட்காமல் விசாரித்தேன். முன்களப் பணியாளர் தாமாகப் பதிவு செய்ய முடியாது. அலுவலகம்தான் பெயர்களைத் திரட்டி, தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இங்கே சம்பளப் பட்டியலை வைத்துப் பெயர் எழுதியிருக்கிறார்கள். இவருக்குக் கூலி தருவது ஒப்பந்ததாரர். அதனால் இவர் மட்டுமல்ல, இவரோடு வேலை செய்யும் யாருடைய பெயரும் போகவில்லை. முன்களப் பணியாளர் கணக்கில் வரும் உள்ளாட்சிப் பணியாளர் என்றால் நிரந்தரப் பணியாளர் மட்டும்தான் என்று எந்த விதி சொல்கிறது?

தகுதியில்லாத சிலர் உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று சொல்லி, முன்களப் பணியாளர் பிரிவில் புதிய பதிவையே ஏப்ரல் 3 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் நிறுத்திவிட்டது. ஏப்ரல் 11 முதல் அலுவலகங்களிலேயே முகாம் நடத்தலாம் என்கிறார்கள். அதுவும் 45 வயது ஆனவர்களுக்குத்தான். குறுக்கு வழியில் வந்தவர்கள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நியாயமாக வர வேண்டியவர்களுக்கு வழி அடைபட்டுவிட்டது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. எங்கள் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு 41 வயது, தொகுப்பூதியம். அவருக்கும் இதே கதிதான். பிளஸ் 2 வகுப்பு நடப்பதால் தினமும் வந்துபோகிறார்.

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கிறது. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆள் குறைந்தால் மீதி வீணாகும். அந்த மீதியையாவது இவர்களுக்குப் போட மாவட்ட நிர்வாகம் அனுமதி வாங்கித் தரலாம். ஆனால் மிச்சம் மீதியில்தான் இவர்களுக்குப் பங்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலிப் பணியாளர் பெயர்களை நகராட்சி ஆணையரோ சுகாதார ஆய்வாளரோ சான்றளித்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும்படி, நிறுத்திய பதிவை ஒரு வாரத்துக்காவது திறக்க வேண்டும். மாநில அரசு இதை மத்திய அரசிடம் கேட்டு வாங்க வேண்டும்.

மே 2 அன்று வாக்கு எண்ணிக்கை. மையங்களைக் கூட்டவும், கழிப்பறை கழுவவும், கிருமிநாசினி தெளிக்கவும் இவர்களைத்தான் அழைப்பார்கள். எனக்கு இரண்டாவது ஊசிக்கான நாளும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. அதற்குள் இவர்களுக்கு முதல் ஊசியாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.