மூடிய கடைகளின் கைப்பக்குவத்தைச் சொல்லித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

கீழக்கரை, மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி வட்டாரத்து அன்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் கரையோரத்தில் மூடிப்போன சாப்பாட்டுக் கடைகளின் சமையலை அளவோடும் பக்குவத்தோடும் எழுதி வைக்கும் வேலை முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இங்கே இல்லை. ஆனால் எதைச் சொல்லித் தந்தீர்கள் என்பதை எழுதாமல் நன்றி மட்டும் சொன்னால் அது ஒப்புக்குச் சொன்ன நன்றியாகிவிடும். சமையல் குறிப்பு எங்கும் கிடைக்கும். எது எந்த நேரத்தில், ஏன் கெடும் என்பது அடுப்படியில் நின்றவருக்குத்தான் தெரியும். அதைத்தான் நீங்கள் ஒளிக்காமல் கொடுத்தீர்கள்.

பாம்பனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு வைத்த அண்ணன்மாருக்கு முதல் நன்றி. பாறையோ ஊளியோ 5 கிலோ மீனுக்கு அவர்கள் கணக்கு இது: புளி 300 கிராம், முண்டு மிளகாய்த் தூள் 150 கிராம், மல்லித்தூள் 250 கிராம், சின்ன வெங்காயம் 1 கிலோ, தக்காளி 1 கிலோ, தேங்காய் 3, நல்லெண்ணெய் 300 மில்லி. வெந்தயம் சிவந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம், தக்காளி. தக்காளி கரைந்தபின் தணலைக் குறைத்துத் தூள்கள். அதற்குப் பிறகு புளித்தண்ணீர். பச்சை வாடை போய் எண்ணெய் மேலே வந்த பிறகுதான் அரைத்த தேங்காய். ஒரு கொதி வந்ததும் மீன். பத்து நிமிஷத்துக்கு மேல் அடுப்பில் இருக்கக் கூடாது. மீன் போட்டபின் கரண்டிக்கு வேலையில்லை. சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி விடுவார்கள். கரண்டி போட்டால் துண்டு உடையும், முள் குழம்பில் கலக்கும், பந்தியில் சாப்பிடுகிறவருக்குச் சங்கடம். அடுப்பை விட்டு இறக்கி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பரிமாறினார்கள். காலை 10 மணிக்கே குழம்பு தயாராகிவிடும் என்பதன் காரணம் இதுதான்.

அந்தக் குழம்பைக் கெட்டியாக்கியது மிளகாய். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து மிளகாய்க் களத்து அக்காமார் இதை விளக்கியிராவிட்டால் அளவு எழுதியும் பயனில்லை. முண்டு மிளகாயில் தோல் தடிப்பு, நிறம் கூடுதல், காரம் நிதானம். அதனால் தூளைத் தாராளமாகப் போடலாம். குழம்பு கெட்டிப்படுவதும் அதனால்தான். நீட்டு மிளகாய்த் தூளை அதே அளவில் போட்டால் வாயில் வைக்க முடியாது. குறைத்துப் போட்டால் குழம்பு நீர்த்துப் போகும். தோல் தடிப்பு என்பதால் ஈரம் உள்ளே நிற்கும். காதருகே வைத்து ஆட்டினால் விதை குலுங்க வேண்டும். குலுங்காத மிளகாயை அரைத்தால் தூள் கட்டி தட்டி, சில வாரத்தில் பூஞ்சை பூக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. களத்தில் வெயிலில் புரட்டிப்போடும் கைகளுக்கு அந்தப் பெருமை உரியது.

மண்டபத்துக் கடைகள் வேறு வகை. ராமேஸ்வரம் தீவுக்கு 1914 முதல் ரயில் பாலம் மட்டுமே இருந்தது. சாலைப் பாலம் திறந்தது 1988ல். அதுவரை பேருந்தில் வந்தவர் மண்டபத்தில் இறங்கி ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பிழைத்த கடைகள், வண்டிகள் நேரே ராமேஸ்வரம் போக ஆரம்பித்ததும் நிற்க முடியவில்லை. தனுஷ்கோடிக் கடைகளுக்கு அந்த அவகாசமும் இல்லை. 1964 டிசம்பர் புயல் ஊரோடு கொண்டுபோனது.

மண்டபத்துப் பரோட்டா மாஸ்டர்களுக்கு நன்றி. 1 கிலோ மைதாவுக்கு 550 மில்லி தண்ணீர், 20 கிராம் உப்பு, 20 கிராம் சீனி, 50 மில்லி எண்ணெய். பிசைந்து இரண்டு மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். வீசும்போது கிழிகிறதென்றால் மாவு ஊறவில்லை என்று அர்த்தம். ஐந்தாறு பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு அடுக்கி, பக்கவாட்டில் இரண்டு கையாலும் தட்ட வேண்டும். ஆறிப்போனபின் தட்டினால் அடுக்குப் பிரியாது, நொறுங்கும். சால்னாவுக்கு அவர்கள் எலும்பை மட்டும் தனியாக இரண்டு மணி நேரம் சீமைக் கருவேலத் தணலில் வேகவிட்டார்கள். கேஸ் அடுப்பில் வைப்பவர்கள் தீயைக் குறைத்தும் அடி பிடிக்கிறது என்கிறார்கள். அரைத்த தேங்காயும் கசகசாவும் பொட்டுக்கடலையும் கடைசிப் பத்து நிமிஷத்தில் சேர்ந்தால் பிடிக்காது.

கீழக்கரை லாத்தாமாருக்கும் (அக்காமார்) காக்காமாருக்கும் (அண்ணன்மார்) பட்ட கடன் பெரிது. அல்வா போன்ற தொதல் என்ற இனிப்பைக் கிண்டுவதை முழுசாகப் பார்க்க விட்டீர்கள். பச்சரிசி மாவு 1 கிலோ, தேங்காய் 8, கருப்பட்டி 2 கிலோ, முந்திரி கால் கிலோ. கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டியே தீர வேண்டும். மணலும் சுண்ணாம்பும் அடியில் தங்கும். முதல் பாலைத் தனியே எடுத்து வைத்து, இரண்டாம் மூன்றாம் பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பேற்ற வேண்டும். மாவு வெந்தபின் கருப்பட்டிப் பாகு, அதன்பின் முதல் பால் கொஞ்சம் கொஞ்சமாக. பாகை முன்னாலேயே ஊற்றினால் மாவு வேகாமல் நாக்கில் நறநறக்கும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் கிண்ட வேண்டும். முதலில் மாவு தேங்காய்ப்பாலின் எண்ணெயைக் குடிக்கும், பிறகு கக்கும். கக்கிய எண்ணெயை வழித்தெடுக்காமல் விட்டால் நான்கைந்து நாளில் சிக்கு வாடை அடிக்கும். துடுப்பை உயர்த்தினால் பாளமாகத் தொங்கி, விரலில் ஒட்டாமல் இருப்பதே பதம். கடைசி அரை மணியில் தோள் மாற்ற இரண்டு பேர் வேண்டும். நிறுத்தினால் அடியில் கருகி மொத்தமும் கசந்துபோகும்.

மீன்பிடித் தடைக்காலத்துச் சமையலைச் சொன்ன தேவிபட்டினத்து அம்மாவுக்கும் நன்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் விலை ஏறிவிடும் என்பதால் சிறு கடைகள் கருவாட்டுக்கு மாறின. கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து அலசி, கத்தரிக்காய் மாங்காயோடு கொதிக்கவிட்டு, இறக்கும்போதுதான் உப்புப் பார்க்க வேண்டும். முதலில் உப்புப் போட்ட குழம்பை மீட்க வழியில்லை.

பெரிய பித்தளை உருளி கொடுத்து உதவிய பெரியபட்டினத்து வீட்டாருக்கு: உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்திருந்ததால், களிம்பு ஏறிவிடும் என்று புளிக் குழம்பு எதையும் அதில் வைக்கவில்லை. ஈயம் பூசக் கொடுத்திருக்கிறோம். பூசி வந்ததும் துடுப்போடு சேர்த்து வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறோம்.