அணையில் மிதப்பது எந்தப் பாசி? தாவரவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கல்லூரிகளில் தாவரவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கம், கே.ஆர்.பி. அணை என்று நாம் சொல்லும் கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணையின் தண்ணீரில் நெல் வைக்கிறவன் நான். மாடுகளும் உண்டு. ஒரு காலத்தில் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவன். அதனால்தான் இதை ஆட்சியருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். மதகைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை ஸ்லைடில் வைத்து, இது இன்ன பாசி என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் நீங்கள்தான்.

விஷயம் தெரிந்ததுதான். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் கழிவையும் வாங்கிக்கொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாக வந்து விழுகிறது. நுரை பொங்கினால் கேமராக்கள் வருகின்றன. நுரை அடங்கிய பிறகும் தண்ணீரிலேயே தங்கிவிடுகிற நைட்ரஜனையும் பாஸ்பரசையும் படம் பிடிக்க முடியாதே! அவை கீழே கே.ஆர்.பி. அணைக்கு வந்து, வரத்து குறைந்து வெயில் ஏறும் நாட்களில் பாசிக்குத் தீனியாகின்றன. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தக் கரையோரம் பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போல ஒரு படலம் ஒதுங்கும். கல்லில் அது காய்ந்த இடம் நீலம் பாரித்திருக்கும். கிட்டே போனால் குடலைப் பிடுங்கும் நாற்றம். சரிவான கரை என்றால் மாடுகள் இறங்கித் தண்ணீர் குடிப்பதும் அங்கேதான்.

"அணை நீர் பச்சை நிறமாக மாறியது, விவசாயிகள் வேதனை" என்று செய்தி வரும். அதோடு சரி. எந்தப் பாசி என்று யாரும் கேட்பதில்லை.

பாசி என்றாலே விஷம் என்று பதறுகிற ஆள் இல்லை நான். மாட்டுக்கு அசோலா என்ற நீர்ப்பெரணி வளர்த்துப் போடுகிறோம். அந்த இலைக்குள் குடியிருப்பதே ஒரு நீலப்பச்சைப் பாசிதான். வயலில் தழைச்சத்துக்காகத் தூவச் சொல்லி வேளாண்மைத் துறை சிபாரிசு செய்ததும் நீலப்பச்சைப் பாசியைத்தான். மருந்துக் கடையில் ஸ்பைருலினா மாத்திரையாகவே விற்கிறது. ஆனால் அதே கூட்டத்தில் மைக்ரோசிஸ்டிஸும் இருக்கிறது. அதன் பல வகைகள் சுரக்கும் மைக்ரோசிஸ்டின் நேராகக் கல்லீரலைத் தாக்கும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. கொதிக்க வைத்தாலும் அது போகாது. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் டயாலிசிஸ் நீரில் இந்த விஷம் கலந்து 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். 2020-ல் போட்ஸ்வானாவில் 300-க்கும் அதிகமான யானைகள் செத்துக் கிடந்தபோது, குட்டை நீரில் இருந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சுதான் காரணம் என்று அந்நாட்டு அரசு சொன்னது. தேன்கனிக்கோட்டைக் காட்டு யானைகள் எந்த ஏரியில் தண்ணீர் குடிக்கின்றன என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் விட என்னைக் கவலைப்பட வைப்பது ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-ல் நடந்தது. அணைத் தண்ணீரில் பாசி மண்டி, வாடை வருகிறது என்று ஜனங்கள் புகார் சொன்னார்கள். அதிகாரிகள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டார்கள். பாசி செத்தது. சாகும்போது செல் உடைந்து, உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் இறங்கியது. சில நாட்களில் 148 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். முதலில் அது என்ன நோய் என்றே புரியவில்லை. பாசிதான் காரணம் என்பது பின்னால்தான் தெளிவானது. இங்கேயும் "கொஞ்சம் மயில்துத்தம் தூவினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று டீக்கடையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையைப் பயிருக்கு அடித்துப் பழகிய கை. கெட்ட எண்ணம் கிடையாது. என்ன பாசி என்று தெரியாமல் மருந்து போடுவது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இதே ஆறு கடலூரில் கடலில் கலக்கிறது. கடல் பக்கம் நிலைமை வேறு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தபோது, அது நாக்டிலூக்கா என்ற ஒளிரும் கடல் நுண்ணுயிரி என்று சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியபோதும் அதே உயிரிதான் என்று அடையாளம் கண்டார்கள். ஐதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோளை வைத்துப் பாசிப் பெருக்கத்தைக் கவனித்துச் சொல்கிறது. கடலுக்கு அப்படி. அந்தக் கடலுக்குத் தண்ணீர் அனுப்பும் நமக்கு?

நம் இரண்டு மாவட்டத்துக்கும் தண்ணீர்ப் பரிசோதனை புதிதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது என்று கண்டுபிடித்துத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! பச்சையாகக் கண்ணில் அடிப்பதைப் பார்க்க இவ்வளவு தயக்கம் ஏன் என்றுதான் புரியவில்லை. குடிநீர்தான் காவிரியிலிருந்து வருகிறதே என்று விட்டுவிடவும் முடியாது. அணையை நம்பி 9,000 ஏக்கருக்கு மேல் பாசனம் இருக்கிறது, மாடுகள் இருக்கின்றன, மீன் இருக்கிறது. அணைக்கட்டில் மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்பும் சுற்றுலாக்காரர் உண்டா? மைக்ரோசிஸ்டின் நஞ்சு மீனின் குடலிலும் ஈரலிலும்தான் அதிகம் சேரும், சதையில் குறைவு. படலம் படர்ந்த நாட்களில் குடலையும் ஈரலையும் சுத்தமாக எடுத்துவிட்டுக் கழுவச் சொன்னாலே கடைக்காரருக்கும் உதவி, தின்பவருக்கும் நல்லது. அதைச் சொல்லவும் முதலில் பாசி எதுவென்று தெரிய வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நான் படித்த காலத்தில் பாசி என்றால் பெட்டியில் இருந்த பழைய ஸ்லைடுதான். வால்வாக்ஸ், நாஸ்டாக், ஆசிலட்டோரியா என்று ரெக்கார்டு நோட்டில் அழகாக வரைந்து கையெழுத்து வாங்கினோம். ஏழெட்டு மைலில் இருந்த அணைத் தண்ணீரை ஒருநாளும் பார்க்கவில்லை. இனி அந்தப் பிராக்டிகல் வகுப்பை அணையிலிருந்தே தொடங்குங்கள். கரையில் ஒரு குச்சியை விட்டு எடுத்தால், நூல் நூலாகத் தொங்குவது பெரும்பாலும் இழைப்பாசி. பூச்சு மாதிரி ஒட்டினால் சந்தேகப்படலாம். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஆட்டாமல் ஒரு ராத்திரி வைத்தால், நீலப்பச்சைப் பாசி உள்ளே இருக்கும் வாயுப் பைகளால் மேலே வந்து வளையம் கட்டும். இவ்வளவு நாங்களே செய்வோம், கையுறை போட்டுக்கொண்டு. ஆனால் யூக்ளினா என்ற பச்சை நிற ஒற்றைச் செல் உயிரியும் மேலே வரும், பாட்டிலை மட்டும் வைத்து ஏமாந்துவிடுவோம். அங்கேதான் உங்கள் மைக்ராஸ்கோப் வேண்டும். சிவப்புக் கண்புள்ளியோடு நெளிந்து ஓடினால் யூக்ளினா. வழவழப்புக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் ஒழுங்கில்லாமல் குவிந்திருந்தால் மைக்ரோசிஸ்டிஸ். உருண்டைகள் சரமாக வந்து நடுவில் ஒன்றிரண்டு மட்டும் பெருத்திருந்தால் அனபீனா வகை, அதுவும் நீலப்பச்சைப் பாசிதான். நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று மைக்ராஸ்கோப் சொல்லாது, அதற்கு எலிசா என்ற ஆய்வகப் பரிசோதனை வேண்டும் என்பதும் தெரியும். எந்த மாதிரியை, எப்போது அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய நீங்கள் சொல்லும் பெயர் போதும். சந்தேகம் வந்தால், கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நுண்பாசி பார்த்துப் பழகியவர்கள் அங்கே உண்டு.

மாதம் ஒருமுறை கே.ஆர்.பி., கெலவரப்பள்ளி இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். பச்சை ஏறும் மாதங்களில் வாரம் ஒருமுறை. கண்டதை ஒரு தாளில் எழுதி அணை அலுவலகத்துக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் கொடுத்து, மீன் கடைகள் பக்கம் ஒன்றை ஒட்டினால் போதும். வரும் தேதியை மட்டும் முன்னாடியே சொல்லுங்கள். அன்று காலையில் பாட்டில், வாளி, கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு அணைக்கட்டில் நிற்பது எங்கள் பொறுப்பு. மாணவர்களுக்குச் சாப்பாடும் போடுகிறோம்.

இப்படிக்கு,
கே.ஆர்.பி. அணை ஆயக்கட்டு விவசாயி ஒருவன்,
காவேரிப்பட்டணம்