இன்ஃபினிட்டி ரீடிங்கை சீனியர் நோட்டுல இருந்து எடுத்தவன் எழுதுறேன்: பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சிலபஸ் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல இருக்குற எல்லாருக்கும் பொதுவாத்தான் எழுதுறேன். எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லல, ஏன்னா பக்கத்து ஊர் காலேஜ்ல படிக்கிற பசங்ககிட்ட கேட்டாலும் இதே கதைதான் வருது.

மெத்தில் அசிடேட்ங்கிற எஸ்டர் ஆசிட்ல எவ்வளவு வேகமா உடையுதுன்னு அளக்குற லேப் எக்ஸ்பெரிமெண்ட்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். ஆசிட்ல எஸ்டரை ஊத்தணும், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா 5 மில்லி பிப்பெட் பண்ணி ஐஸ் தண்ணில விட்டு ரியாக்‌ஷனை அமுக்கணும், சோடியம் ஹைட்ராக்ஸைடு வச்சு டைட்ரேட் பண்ணணும், பிங்க் கலர் வந்தா குறிச்சுக்கணும். இது வரைக்கும் ஜாலிதான். ஆனா கிராஃப் போடணும்னா ரியாக்‌ஷன் முழுசா முடிஞ்ச பிறகு வர்ற இன்ஃபினிட்டி ரீடிங் வேணும். அரை நார்மல் ஆசிட்ல பாதி எஸ்டர் உடையவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், லேப் டைமே மூணு மணி நேரம். வாட்டர் பாத்ல வச்சு சூடு பண்ணி முடிக்கலாம்னு புக்ல போட்டிருக்கு, இருக்குற ஒரு வாட்டர் பாத்துக்கு இருபது பேர் க்யூ. அதனால இன்ஃபினிட்டி சீனியரோட ரெக்கார்டுல இருந்து வந்துச்சு. அவருக்கு அவரோட சீனியர்கிட்ட இருந்து வந்திருக்கும். அந்த ஒரு நம்பர் தப்பா இருந்தா ஸ்லோப்பே தப்பு, ஆனா எல்லாரோட கிராஃபும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருந்துச்சு, ஏன்னா முதல்ல கோட்டைப் போட்டுட்டு அப்புறம்தான் புள்ளி வச்சோம்.

இதுல ஒரு கூத்து நடந்துச்சு. நிஜமாவே ரீடிங் எடுத்த நாலஞ்சு பேர்ல, காலை பேட்ச்சுக்கும் மத்தியான பேட்ச்சுக்கும் கே வேல்யூ, அதாவது வேகத்தைச் சொல்ற மாறிலி, ஒத்தே வரல. மத்தியான பேட்ச் பசங்களுக்கு "கேர்லெஸ்"னு திட்டு விழுந்துச்சு, ரிப்பீட் வேற. எங்க ஊர்ல வெயில் காலத்துல காலைல லேப் 27 டிகிரி இருந்தா மத்தியானம் 34 தொடும். அந்த ஏழு டிகிரிக்கே வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல ஏறும்னு அரீனியஸ் 1889-ல போட்ட சமன்பாடே சொல்லுது. அதே சமன்பாட்டை அடுத்த பீரியட்ல தியரி கிளாஸ்ல போர்டுல எழுதி டிரைவ் பண்ணோம், மத்தியான பேட்ச்தான் அதுக்கு உதாரணம்னு ஒருத்தருக்கும் தோணல, எனக்கும்தான், பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி திண்ணைல உக்காந்து படிக்கும்போதுதான் சுருக்குன்னு பட்டுச்சு. எங்க ரெக்கார்டு ஃபார்மட்ல டெம்பரேச்சர் எழுத இடமே கிடையாது.

மூலக்கூறு ஒளியை எப்படி உறிஞ்சுதுன்னு பாக்குற ஸ்பெக்ட்ராஸ்கோப்பி பாடம் இதை விட மோசம். ரிஜிட் ரோட்டர் டெரிவேஷன் 10 மார்க், வுட்வர்ட் ஃபீசர் ரூல் கணக்கு 5 மார்க், இன்ஃப்ராரெட் (ஐஆர்) ஸ்பெக்ட்ரத்துல கார்பனைல் 1700 வேவ்நம்பர் கிட்டன்னு உருப்போட்டாச்சு. அந்த ஸ்பெக்ட்ரம் எடுக்குற எஃப்டிஐஆர் மெஷின் ஏசி ரூம்ல துணி போத்தி இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் துணியை எடுப்பாங்க. ஹைட்ரஜன் குளோரைடு (ஹெச்சிஎல்) வாயுவோட ஐஆர் ஸ்பெக்ட்ரம் ஒன்னை நான் பிறகு நெட்டுலதான் பாத்தேன். 2886 வேவ்நம்பர் கிட்ட நடுவுல ஒரு காலி இடம், ரெண்டு பக்கமும் சீப்புப் பல்லு மாதிரி கோடுகள், ஒவ்வொரு பெரிய கோட்டுக்கும் ஒட்டி ஒரு குட்டிக் கோடு. அந்தக் குட்டி எல்லாம் குளோரின் 37, பெருசு குளோரின் 35! கோட்டுக்குக் கோடு இடைவெளியை அளந்தா பாண்ட் நீளம் சுமார் 1.28 ஆங்ஸ்ட்ரம்னு வந்துரும். மூணு வருஷத்துல ஒரு நாள் இந்தப் படத்தோட பிரிண்ட் அவுட்டையும் ஒரு ஸ்கேலையும் எங்க கைல குடுத்திருக்கலாம்ல?

நான் சொல்ல வந்ததே இனிமேதான். வேகத்தைப் பத்திப் படிக்கிற கைனெடிக்ஸ் ஒரு செமஸ்டர், ஸ்பெக்ட்ராஸ்கோப்பி வேற செமஸ்டர், ரெண்டும் சொந்தமே இல்லாத மாதிரி நடத்துறீங்க. ஆனா 1850-ல வில்ஹெல்மி முதன்முதலா ஒரு ரியாக்‌ஷனோட வேகத்தை அளந்து கணக்குப் போட்டதே ஒளியை வச்சுத்தான். சர்க்கரைக் கரைசல்ல ஆசிட் விட்டு, ஒளியோட அதிர்வுத் தளம் எவ்வளவு திரும்புதுன்னு காட்டுற போலாரிமீட்டர்ல பாத்துக்கிட்டே இருந்தாரு, மிச்சம் இருக்குற சர்க்கரைக்கு ஏத்த மாதிரி வேகம் குறையுதுன்னு கண்டுபிடிச்சாரு. பிப்பெட்டை விட்டுக் கலக்க வேண்டியதில்ல, ரியாக்‌ஷன் அதுபாட்டுக்கு நடக்கும். நோரிஷும் போர்ட்டரும் ஒரு ஃப்ளாஷ்ல ரியாக்‌ஷனைக் கிளப்பி அடுத்த ஃப்ளாஷ்ல அதைப் பாத்தாங்க, 1967-ல நோபல். ஜெவெய்ல் அதையே ஃபெம்டோசெகண்டுக்கு (ஒரு செகண்டைப் பத்துக் கோடி கோடியாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு) கொண்டு போனாரு, 1999-ல நோபல். இந்தப் பேரெல்லாம் எங்களுக்கு ஒரு மார்க் கேள்விக்கு மட்டும்தான் வந்துச்சு.

லேசர் வாங்கிக் குடுங்கன்னு கேக்கல. கிரிஸ்டல் வயலெட் போதும், அதாங்க, சின்ன வயசுல வாய்ப்புண்ணுக்குத் தடவுன ஜென்ஷன் வயலெட். ரொம்ப நீர்த்த கரைசல்ல சோடியம் ஹைட்ராக்ஸைடு விட்டா ஊதா கொஞ்சம் கொஞ்சமா வெளிறும். கலரிமீட்டர்ல 590 நானோமீட்டர் ஃபில்டர் போட்டு நிமிஷத்துக்கு ஒரு ரீடிங், லாக் போட்டு கிராஃப் வரைஞ்சா நேர்கோடு. கடைசில கலரே இருக்காது, அதனால இன்ஃபினிட்டி ரீடிங் கிட்டத்தட்ட பூஜ்யம், சீனியரைத் தேட வேண்டாம். ஹைட்ராக்ஸைடைப் பாதியாக்கினா ஸ்லோப்பும் பாதியாகும், ஹைட்ராக்ஸைடு ஏராளமா இருக்குறதால சாயத்தோட அளவை மட்டும் பொறுத்து வேகம் மாறுற சூடோ ஃபர்ஸ்ட் ஆர்டர்னா என்னன்னு அப்போ புரியும். அப்சார்பன்ஸ் (ஒளியை உறிஞ்சுற அளவு) கரைசலோட செறிவுக்கு நேர் விகிதம்ங்கிற பியர் லாம்பர்ட் விதியும் அதுலயே வந்துருச்சு. கைல பட்டா மட்டும் ரெண்டு நாளைக்குப் போகாது, கிளவுஸ் போட்டுக்கணும்.

கொஸ்டின் பேப்பர்லயும் ஒன்னு மாத்துங்க. டெரிவேஷன் ஒன்னைக் குறைச்சுட்டு டைம், அப்சார்பன்ஸ் டேபிள் ஒன்னு குடுத்து ஆர்டர் என்னன்னு கேளுங்க. ஜப்பான்காரங்களோட எஸ்டிபிஎஸ், அமெரிக்காவோட நிஸ்ட் வெப்புக், இந்த ரெண்டு வெப்சைட்லயும் நிஜ ஸ்பெக்ட்ரம் ஃப்ரீயாவே கிடக்கு. பிப்ரவரி 28 ஆனா ராமன் நம்ம திருச்சிக்காரர்னு பேச்சுப் போட்டி வைக்கிறோம், ஆனா அவரு ஆரம்பத்துல சூரிய ஒளியும் கலர் ஃபில்டரும் வச்சுத்தான் ராமன் விளைவைப் பாத்தாருன்னு மேடைல யாரும் சொன்னதில்ல. அன்னிக்கு ஒரு பழைய சிடியையும் அட்டைப் பெட்டியையும் குடுத்தா டியூப்லைட்டுல மெர்க்குரியோட பச்சைக் கோட்டை ஃபர்ஸ்ட் இயர் பசங்களே பாத்துருவாங்க.

இதெல்லாம் அடுத்த மீட்டிங்லயே நடக்காதுன்னு தெரியும், கமிட்டி, அப்ரூவல்னு இழுக்கும். அது வரைக்கும் ரெக்கார்டு ஃபார்மட்ல டெம்பரேச்சர்னு ஒரே ஒரு வரி மட்டும் சேத்துருங்க சார். தெர்மாமீட்டர் ஸ்டோர்லயே இருக்காம், லேப் அண்ணன்கிட்ட கேட்டுட்டேன்.

இப்படிக்கு,
மத்தியான பேட்ச் ஸ்டூடண்ட் ஒருத்தன்