காது வேறு, வாய் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் எங்கள் வானொலி, உளவுக்கு உதவும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரை படித்தேன். ‘பழைய செட்டில் ஒரு டயோடை வெட்டினால் போதும், ஒட்டுக் கேட்கும் கருவி தயார்’ என்கிறார் உங்கள் நிருபர். டயோடு என்பது செட்டுக்குள் இருக்கும் சின்ன மின்னணு உறுப்பு. ஒட்டுக் கேட்க அலையை வாங்கும் காது போதுமே, அனுப்பும் வாய் எதற்கு?

என்னிடம் இருப்பது எண்பதுகளில் வந்த கென்வுட் டிஎஸ்-440 என்ற ஹாம் செட். ஜப்பானில் யாரோ வைத்திருந்து கைமாறி வந்தது. 100 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 30 மெகா ஹெர்ட்ஸ் வரை எதையும் கேட்கும். அந்தக் காது கம்பெனியிலேயே திறந்துவிட்டது. டயோடு பூட்டுவது வாயை மட்டும். ஒரே செட்டைப் பல நாடுகளில் விற்பவர்கள், அந்தந்த நாட்டில் பேசலாம் என்ற அலைவரிசை எல்லையை உள்ளே இருக்கும் பிராசசருக்குச் சொல்ல டயோடு வைக்கிறார்கள். தாங்கள் அறியாததல்ல.

நானும் வெட்டியவன்தான். 7.1 முதல் 7.2 மெகா ஹெர்ட்ஸ் வரை இருந்த ஒலிபரப்பு நிலையங்கள் 2009 மார்ச் 29-க்குள் காலி செய்ய வேண்டும் என்று 2003 உலக வானொலி மாநாட்டில் முடிவானது. பிறகு 7.1-க்குக் கீழே இருந்த நம் ஹாம் ஆட்களும் மேலே குடியேறினார்கள். என் செட்டோ 7.1-ஐத் தாண்டிப் பேசாது. காலையில் 7.150-ல் நண்பர்கள் என்னைக் கூப்பிட, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மூடியைக் கழற்றி டயோடின் காலை வெட்டினேன். ரீசெட் செய்ததில் மெமரியில் இருந்ததெல்லாம் போனது தனிச் சோகம். வாய் திறந்துவிட்டதே என்று கண்ட இடத்தில் பேசவில்லை. விமானங்களும் கப்பல்களும் அக்கம்பக்கத்தில் பேசுகின்றன. தவிர, வேண்டாத அலைகளைத் தடுக்கும் பில்டர்கள் ஹாம் பேண்டுகளை, அதாவது எங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைகளை, மனதில் வைத்துச் செய்தவை. வெளியே போனால் ஹார்மோனிக்ஸ் என்ற மடங்கு அலைகள் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. பயமுறுத்தத்தான் வேண்டுமென்றால் நிருபர் இதை எழுதியிருக்கலாம். நிமிடத்துக்கு 5 சொல் மோர்ஸ் எழுதி, போலீஸ் விசாரணையும் முடிந்து வாங்கிய லைசென்ஸ் ஐயா. எல்லையை டயோடுதான் காக்கும் என்றால் எங்களுக்குப் பரீட்சை எதற்கு?

2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோவில் செய்தி அனுப்பியது பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன். வரவில்லை. அதன்பின் எழுதிய மூன்றும் வரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும். உளவு என்றதும் இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது. படம் வேறு: போலீஸ்காரர் கையில் வாக்கி-டாக்கி!

மறுநாளே எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இதழும் கையுமாக வந்து நின்றார். மொட்டை மாடியில் கட்டிய டைபோல் என்ற ஆன்டெனா கம்பியை அவிழ்க்க வேண்டுமாம். இருபது வருடமாக அவர் வீட்டு வேட்டி அதில் காய்ந்திருக்கிறது. இன்று அது உளவுக் கம்பி.

எந்த மூலையிலாவது ஒரு வரி போடுங்கள்: ‘அந்த டயோடு பேசுவதற்கானது, கேட்பதற்கானது அல்ல.’ சங்கக் கூட்டம் 20-ஆம் தேதி. அதற்குள் இதழ் கைக்கு வந்தால் உபகாரம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
மேற்கு மாம்பலம்